நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஒலிபெருக்கியின் பெட்டி பாடலாமா?

தரையில் நிற்கும் உயர்ரக ஒலிபெருக்கி ஒன்றை வாங்கக் கருதிக் கடைக்குச் செல்கிறவர், விலையை விசாரிப்பதற்கும் முன்பாக, அதன் பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். கணீரென்று ஓசை எழுந்தால், “நல்ல மரம்” என்று திருப்தியோடு தலையசைக்கிறார். வீணையின் குடத்துக்குப் பலா மரம் தேடுகிற நாட்டினருக்கு இந்த அபிப்பிராயம் ஏற்படுவது சகஜமே. எனினும் அது முற்றிலும் தலைகீழான அபிப்பிராயம். வீணை, நாதத்தைப் பிறப்பிக்கும் கருவி. தந்தியின் அதிர்வை வாங்கித் தன் உடலின் குணத்தையும் கலந்து தருவதே அதன் தர்மம். ஒலிபெருக்கியோ, எங்கோ எப்போதோ பிறந்து பதிவாகிவிட்ட நாதத்தை, அது வீணையானாலும் வயலினானாலும் மனிதக் குரலானாலும், கூட்டாமல் குறைக்காமல் நம்மிடம் ஒப்படைக்க வேண்டியது. அதன் பெட்டிக்கென்று சொந்தக் குரல் ஒன்று இருக்குமாயின், அந்தக் குரல் எல்லா வித்வான்களோடும் அழையாமலே சேர்ந்து பாடிக்கொண்டிருக்கும். தட்டினால் ஓசை உடனே மடிந்துபோவதுதான் நல்ல பெட்டியின் லட்சணம்.

பாடக் கூடாதென்றால் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். தாழ்நாதம் எழுப்பும் ஊஃபரின் கூம்பு முன்னே வரும்போது முன்புறக் காற்றை அழுத்துகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்றைத் தளர்த்துகிறது. ஐம்பது ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளமுள்ளது. ஓரடி அகலப் பலகை அதற்கு ஒரு தடையே அல்லவாகையால், பின்புற அலை சுற்றி வந்து முன்புற அலையைத் தின்றுவிடும். அந்தப் பின்புற அலையைச் சிறைப்பிடிக்கவே பெட்டி ஏற்பட்டது. சிறைப்பட்ட சக்தியோ சும்மா இருப்பதில்லை. நான்கு சுவர்களையும் உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. சுவரின் பரப்பு கூம்பின் பரப்பைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாகையால், அது மயிரிழை நடுங்கினாலும் காதுக்கு எட்டும். உயரமான பெட்டிக்கு மற்றொரு தொல்லையும் உண்டு: உள்ளுயரம் ஒரு மீட்டர் என்றால், 170 ஹெர்ட்ஸ் அளவில் அதனுள் ஒரு நிலையலை எழும்பி, ஆண்குரலின் அடித்தளத்திலேயே போய்க் கைவைக்கும். இடைத்தடுப்புகளும் கம்பளிப் பஞ்சும் உள்ளே திணிக்கப்படுவது இதன் பொருட்டே.

இங்கிலாந்தின் பி அண்ட் டபிள்யூ நிறுவனம் 1979-இல் வெளியிட்டு, லண்டன் அபே ரோட் ஒலிப்பதிவுக் கூடத்திலும் இடம்பெற்ற 801 என்னும் ஒலிபெருக்கியின் சரித்திரம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. எண்பதுகளின் பிற்பாதியில் அதன் புதிய வடிவத்தின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகளைக் கோத்து, ஒவ்வொன்றிலும் வட்டத் துளைகளிட்டு, சுவரின் எந்தப் பகுதியும் தன்னிச்சையாக அதிர இடமில்லாதபடி ஆதாரம் கொடுத்து, அந்த அமைப்புக்கு ‘மேட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது. செலவில் பெரும்பங்கு கண்ணுக்குப் படாத இடத்தில் போயிருக்கிறது.

இதைக் கேட்டவுடன், தடித்த பலகையே மேலானது என்ற இரண்டாவது நம்பிக்கைக்குத் தாவிவிடக் கூடாது. விறைப்பைக் கூட்டினால் அதிர்வு ஒழிந்துவிடுவதில்லை. மேல் ஸ்தாயிக்கு இடம் மாறுகிறது. பி.பி.சி.யின் பொறியாளர்கள் இதற்கு நேர்மாறான மார்க்கத்தில் சென்று, மெல்லிய ஒட்டுப்பலகையின் உட்புறத்தில் தாரினாலான கனத்த பட்டைகளை ஒட்டி, அதிர்வைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கி, அங்கே அதை வெப்பமாக மாற்றித் தணித்தார்கள். இரு சம்பிரதாயங்களிலும் உத்தமமான கருவிகள் பிறந்திருக்கின்றன; கனத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது.

பெட்டியில் காணப்படும் குழாய்த் துவாரம் உஷ்ணம் வெளியேறுவதற்கு என்பாரும் உளர். அது தவறு. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932-இல் காப்புரிமை பெற்ற தத்துவமே அந்தத் துவாரம்: பெட்டிக்குள் உள்ள காற்று சுருள்வில்லாகவும், குழாய்க்குள் உள்ள காற்று எடையாகவும் இயங்கி, குறித்த ஒரு தாழ்ஸ்வரத்தில் கூம்பு ஏறக்குறைய அசையாதிருக்கக் குழாயே பேசும். அந்த ஸ்வரத்துக்கும் கீழே போனால், கூம்பைத் தாங்கிப் பிடிக்கக் காற்று இல்லை. துவாரமே இல்லாத சிறு பெட்டியிலும் ஆழ்ந்த தாழ்நாதம் சாத்தியம் என்பதை 1954-இல் எட்கர் வில்ச்சர் தம் ஏ.ஆர்.-1 என்னும் ஒலிபெருக்கி மூலம் நிரூபித்தார். ஆயினும் அதற்கு ஆம்பிளிஃபையர் அதிக சக்தியைக் கப்பமாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆழ்ந்த நாதம், சிறிய பெட்டி, குறைந்த சக்தியில் நிறைந்த ஓசை ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்பது ஆன்டன் ஹாஃப்மனின் விதி. தரையில் நிற்கும் உருவம் அழகுக்காக ஏற்பட்டதென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: முக்காலியின்மேல் வைத்த சிறு பெட்டி பிடிக்கும் தரையிடத்தையே பிடித்துக்கொண்டு, முக்காலியின் வெற்றிடத்தையும் இது நாதத்துக்கு உபயோகமாக்கிக்கொள்கிறது.

வாட் கணக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒலிபெருக்கியின் மேல் எழுதிய 200 வாட் என்பது அது தாங்கும் சக்தியேயன்றி, தரும் ஓசையன்று. உள்ளே செல்லும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கு அளவே ஓசையாகிறது. மீதி கம்பிச்சுருளில் வெப்பமாகிறது. ஒரே சக்தியில் 87 டெசிபல் தரும் கருவியை 90 டெசிபல் தரும் கருவிக்குச் சமமாக ஒலிக்கச் செய்ய இரட்டிப்பு சக்தி வேண்டும். அடியிலுள்ள முள் கால்கள் கம்பளத்தை ஊடுருவிப் பெட்டியை ஆடாமல் நிறுத்துவதற்கானவை. கம்பளம் விரிக்காத நம் வீட்டுத் தரையில் அவற்றுக்கு வேலை சொற்பம். பொன் விலைக்கு விற்கும் கம்பிகளைப் பற்றிக் கேட்டால், நாலைந்து மீட்டர் தூரத்துக்குத் தடித்த சாதாரணச் செப்புக் கம்பி தாராளமாகப் போதும்.

விலையுயர்ந்ததே இனிமையானது என்ற கடைசி நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. ஒலி ஆராய்ச்சியாளர்களான ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட சோதனையில், ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்களையே உட்காரவைத்து, அதே நான்கு ஒலிபெருக்கிகளை ஒருமுறை திரைக்குப் பின்னும் ஒருமுறை கண்ணெதிரிலும் ஒலிக்கச் செய்தார்கள். திரைக்குப் பின்னால் நல்ல மதிப்பெண் வாங்கிய சிறிய, மலிவான ஒன்று, உருவம் தெரிந்தவுடன் சரிந்துவிட்டது. காது மாறவில்லை, கண் குறுக்கிட்டது.

ஆகையால், வாங்கப் போகும் அன்பர்கள் கடைக்காரரிடம் ஒரு மெல்லிய துணித்திரை கட்டச் சொல்லி, இரண்டு ஒலிபெருக்கிகளையும் ஒரே ஓசை அளவில் வைத்து, தமக்கு நன்கு பழகிய ஒரு குரலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எதுவாயினும் சிறந்ததாகவே தோன்றுமாதலால், ஓசை அளவைச் சமப்படுத்துவதில் மட்டும் தாட்சணியம் பார்க்க வேண்டாம்.