தீயணைப்புப் பணியில் சேரும் தம்பிக்கு

தம்பி, பயிற்சி முடித்து நிலையத்தில் சேரப்போகிறாய். இந்தப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்கிறேன். ஊர் நம்மை வீரர் என்கிறது. அந்தப் பெயருக்குத் தகுதியாக வாழ்வது எப்படி என்பதுதான் இதில் உள்ளது.

1. பயம் வந்தால் வெட்கப்படாதே. பூட்டிய அறையின் கதவிடுக்கில் புகை வெளியே வந்து மறுபடி உள்ளே இழுபடும். அதைப் பார்த்து உடம்பு பின்வாங்கினால் உடம்பு சொல்வது சரி. உள்ளே தீ காற்றுக்குத் தவிக்கிறது. கதவைத் திறந்த கணம் வெடித்து வெளியே பாயும். பயமே தெரியாதவனுக்கு இந்த அடையாளம் கண்ணில் படாது. பயம் எதைக் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற வழியில் வேலையைத் தொடங்கு.

2. தினப் பயிற்சியில் சலிப்படையாதே. ஹோஸ் விரிப்பது, ஏணி நிறுத்துவது, கண்ணைக் கட்டிக்கொண்டு முடிச்சுப் போடுவது எல்லாம் கைக்குப் பழகட்டும். அடர்ந்த புகையில் யோசிக்க நேரம் இருக்காது. மூச்சுக்கருவியின் சிலிண்டரில் எத்தனை நிமிடக் காற்று என்று ஏட்டில் ஒரு கணக்கு உண்டு. பதறுகிறவனுக்கு அந்தக் காற்று வெகுமுன்பே தீர்ந்துவிடும். நிதானமாக மூச்சு விடுவதும் பழகிப் பெறுகிற துணிவுதான்.

3. என்ன எரிகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் தீப்பிடித்தது. அதில் பருத்திப் பொதிகளோடு சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. கப்பலை என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டியவர்கள் தாமதித்தார்கள். மாலை நான்கு மணியளவில் கப்பல் வெடித்தது. தண்ணீர் பாய்ச்சியபடி நின்ற தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களை வணங்குகிறோம். அவர்கள் துணிவில் எந்தக் குறையும் இல்லை. குறை, முடிவெடுப்பதில் நேர்ந்த தாமதத்தில்தான். அதனால் நீ ஆபத்தைக் கண்டால் மேலதிகாரிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல். ஒருமுறை சொல்லிக் கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்.

4. கிணற்றடியில் கூட்டம் போடும் கூச்சலுக்கு இறங்காதே. கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவர் மயங்கி விழுவார். காப்பாற்ற அண்ணன் குதிப்பார், அவரைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். அடுத்தடுத்து உயிர் போகும். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பாதே. விளக்கு எரிகிற இடத்திலும் விஷவாயு இருக்கலாம், மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே தீ மூட்டிவிடும். மூச்சுக்கருவி மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இழுக்க ஆள் நிறுத்திய பிறகே இறங்கு. அதுவரை "பயந்தாங்கொள்ளி" என்று ஊரே ஏசினாலும் தாங்கிக்கொள். இந்தப் பணியில் மிகக் கடினமான துணிவு அதுதான்.

5. இருவராகப் போ, இருவராக வா. முன்னால் போகிறவன் தீயைப் பார்ப்பான். பின்னால் இருப்பவன் கூரையைப் பார்க்க வேண்டும். எரியும் கட்டடத்துக்குள் போவது எத்தனை ஆபத்து என்பதை நாம் அறிவோம்: 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்தின் பழைய கலச மஹால் எரிந்தபோது நம் துறையினர் ஒருவர் உயிரைக் கொடுத்தார், சிலர் காயமடைந்தனர். காற்று குறைகிறது என்று சிலிண்டர் விசில் அடித்தால், யாருடைய விசிலாக இருந்தாலும் இருவரும் திரும்புங்கள். இன்னும் ஒரு அறைதான் பாக்கி என்று தனியே நிற்கிறவன் தன்னைத் தேட இன்னொருவனை உள்ளே இழுக்கிறான்.

6. தீ இல்லாத இடத்திலும் துணிந்து நில். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ, வகுப்பறையின் கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. அந்தக் கூரை ஒரு நாளில் முளைத்ததில்லை. தினமும் எத்தனையோ பேர் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. நீ உயர்ந்து ஆய்வுக்குப் போகும் நாளில், அவசர வழியில் மூட்டை அடுக்கிய மண்டபத்தையும் பூட்டிய படிக்கட்டையும் பார்ப்பாய். உரிமையாளர் பெரிய மனிதராக இருப்பார், சிபாரிசு வரும். "சரிசெய்யுங்கள், பிறகு சான்று தருகிறோம்" என்று சொல். இடமாற்றம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போ. அந்த ஆய்வில் நீ காப்பாற்றிய உயிர்களுக்கு உன் பெயர் தெரியாது; பதக்கமும் கிடைக்காது. ஆனாலும் நம் வேலையில் அதைவிடப் பெரியது இல்லை.

7. காப்பாற்ற முடியாமல் போகும் நாளும் வரும். ஒரு குழந்தையை நீ தூக்கி வருவாய், அது பிழைக்காது. அன்றிரவு குடியில் இறங்காதே, தனியாகவும் கிடக்காதே. கூட இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசு, அழுகை வந்தால் அழு. எங்கே தாமதமானது என்று ஒளிக்காமல் சொல், அடுத்தவர் சொன்னாலும் கோபப்படாமல் கேள். மறுநாள் காலை சிலிண்டரில் காற்று நிரப்பு, ஹோஸைக் காயவை, வண்டியைத் தயாராக நிறுத்து. அடுத்த அழைப்பில் ஒருவர் உனக்காகக் காத்திருப்பார்.