நாடி தட்டுப்படாத மனிதர்



ஒருவர் மயங்கி விழுந்தால் நாம் ஓடிப்போய் அவருடைய மணிக்கட்டைத்தான் பிடித்துப் பார்க்கிறோம். நாடி இருந்தால் மூச்சு விடுகிறோம். இல்லையென்றால் வீட்டில் அழுகுரல் எழும்பிவிடும். நோயாளிகளின் படுக்கையருகே நின்று பழகிய கையும் முதலில் அதையே தேடும். ஆனால் நாடி தட்டுப்படாமலே நடந்து, சாப்பிட்டு, பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கிறவர்களும் இன்று உண்டு. அவர்களுக்கு ஆபத்து நேரிடும்போது என்ன செய்வது என்பதை இம்முறை படிப்போம்.

அமெரிக்காவின் முன்னாள் துணை ஜனாதிபதி டிக் செனி அவர்களில் ஒருவராயிருந்தார். பலமுறை மாரடைப்பு கண்டு இதயம் ஓய்ந்துபோன நிலையில், 2010 ஜூலையில் அவருக்கு இதயப் பம்ப் ஒன்று பொருத்தப்பட்டது. ஏறக்குறைய 20 மாதங்கள் அதனோடு வாழ்ந்தபின், 2012 மார்ச்சில் மாற்று இதயம் பெற்றார். 2025 நவம்பரில்தான் காலமானார்.

இந்தப் பம்ப் இதயத்தை அகற்றிவிட்டு வைக்கப்படுவதல்ல. இதயத்தின் இடது கீழறையின் நுனியில் இது பொருத்தப்படுகிறது. அங்கிருந்து இரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குள் செலுத்துகிறது. கைபம்பில் தண்ணீர் விட்டு விட்டு விழும்; மோட்டார் போட்டால் ஒரே சீராய் ஓடும் அல்லவா? இதுவும் அப்படித்தான். இரத்தம் சீராய் ஓடுவதால் பலரிடம் நாடித்துடிப்பு கைக்கு அகப்படுவதில்லை. பம்பிலிருந்து ஒரு வயர் வயிற்றுத் தோல் வழியாக வெளியே வந்து, இடுப்பிலுள்ள கன்ட்ரோலர் என்னும் சிறு பெட்டியில் சேருகிறது. அதற்கு இரண்டு பேட்டரிகள் உண்டு. ஹார்ட்மேட் 3 என்னும் புதிய பம்ப் பெற்றவர்களை ஐந்தாண்டுகள் கவனித்த ஆய்வில், 100 பேருக்கு ஏறக்குறைய 58 பேர் உயிரோடிருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாடி அகப்படவில்லை. தானியங்கி இரத்த அழுத்தக் கருவி எண் காட்டவில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரையும் நம்ப முடியவில்லை. விஷயம் அறியாத ஊழியர் "முடிந்துவிட்டது" என்று எண்ணிவிடக்கூடும். அறிந்தவரோ அந்த மனிதரையே பார்க்கிறார்: தோலின் நிறம் எப்படி, கை வெதுவெதுப்பாக இருக்கிறதா, நகத்தை அழுத்திவிட்டால் சிவப்புத் திரும்புகிறதா, மூச்சு ஒழுங்காக வருகிறதா, கூப்பிட்டால் பதில் உண்டா? பிறகு ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பின் கீழே வைக்கிறார். பம்ப் ஓடினால் "உம்" என்ற இரைச்சல் கேட்கும். கன்ட்ரோலரில் அலாரம் அடிக்கிறதா, வயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கிறார். பேட்டரி மாற்றவேண்டுமானால் ஒவ்வொன்றாகத்தான் மாற்றவேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பம்ப் நின்றுபோகலாம். சட்டையைக் கத்தரிக்கும்போது அந்த வயரையும் சேர்த்துக் கத்தரித்துவிடக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! பதற்றத்தில் எதுவும் நடக்கும்.

பம்ப் இருப்பதனாலேயே எல்லாக் கேட்டுக்கும் பம்பே காரணம் என்று நினைப்பதும் தவறு. இவர்கள் இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள். ஆகவே குடலில் இரத்தக்கசிவு, மூளையில் பக்கவாதம் ஆகியவை அடிக்கடி வருகிற ஆபத்துகள். தலையில் பட்ட சிறு அடியையும் லேசாக எண்ணக் கூடாது. வயர் வெளிவரும் இடத்தில் சீழ் பிடிப்பதும் உண்டு.

மார்பை அழுத்தும் சிகிச்சையைப் பற்றி வெகுநாள் ஒரு பயம் இருந்தது: அழுத்தினால் பம்ப் இடம்பெயர்ந்து, நோயாளி உள்ளேயே இரத்தம் சிந்தி மரிப்பாரோ என்று. அந்தப் பயத்தால் கைகட்டி நின்றதும் நன்மையல்ல. 2017-ல் அமெரிக்க இதயச் சங்கம் இதைத் தெளிவாக்கியது. நாடி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அழுத்தக் கூடாது. ஆனால் நினைவுமில்லை, சரியான மூச்சுமில்லை, உடலில் இரத்தம் ஓடுகிற அடையாளமும் இல்லை, பம்பையும் மீண்டும் ஓடவைக்க முடியவில்லை என்றால் அழுத்தவேண்டும். மின்அதிர்ச்சி கொடுக்கவும் தடையில்லை.

உறவினரைப் பற்றி ஒரு வார்த்தை. "நீங்கள் பின்னால் ஆட்டோவில் வாருங்கள்" என்று சொல்லி ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துவது சகஜம். இந்த நோயாளியின் விஷயத்தில் அது பெரும் பிழை. பம்பைக் கையாளப் பயிற்சி பெற்றவர் அவருடைய மனைவியோ மகனோதான். அநேகமாய் வந்திருக்கிற ஊழியரைவிட அவருக்கே அதிகம் தெரியும். அவர் கூடவே ஏறவேண்டும். மாற்றுக் கன்ட்ரோலரும் பேட்டரிகளும் உள்ள பையும் ஏறவேண்டும். பம்ப் பொருத்திய மருத்துவமனைக்குப் போன் செய்து, கூடுமானால் அங்கேயே கொண்டுபோகவேண்டும்.

சென்னையிலும் இத்தகைய பம்ப் பொருத்தப்படுகிறது. ஆகையால் ஒருநாள் 108-க்கு வரும் அழைப்பு இப்படிப்பட்ட வீட்டிலிருந்தும் இருக்கக்கூடும். அமெரிக்காவில் நோயாளி வீடு திரும்புமுன்பே, அந்தப் பகுதி ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு மருத்துவமனையிலிருந்து தகவல் போகிறது. மின்சார நிறுவனத்துக்கும் சொல்லிவைக்கிறார்கள். இரவில் அவர் தூங்கும்போது பம்ப் ஓடுவது அந்த வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தில்தானே.