டிங்கியில் படுத்த தோழருக்கு என்ன அனுப்பலாம்?

வகுப்பில் ஓர் இடம் காலியாகிறது. "அவனுக்கு டிங்கியாம்" என்ற செய்தி வருகிறது. உடனே நாம் கேட்கும் கேள்வி, "எப்பொழுது போய்ப் பார்க்கலாம்?" என்பதே. ஆனால், நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் 12 வயது நிரம்பாத சிறுவர்களை நோயாளியைப் பார்க்க வார்டுக்குள் விடுவதில்லை. நாம் போக இயலாது. நமக்குப் பதிலாக ஏதேனும் ஒரு பொருள்தான் போக வேண்டும். அப்பொருள் எதுவாக இருக்கலாம், எதுவாக இருத்தல் ஆகாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

டிங்கி நம் நாட்டுக்குப் புதிய நோயன்று. 1902ஆம் ஆண்டிலேயே பினாங்கில் அது பரவியதாகப் பதிவு உண்டு. இரத்தக் கசிவோடு கூடிய கடுமையான வகையும் 1962இல் அதே பினாங்கில்தான் முதலில் காணப்பட்டது. இந்நோயின் இயல்பை அறியாமல் பொருள் அனுப்பினால் நன்மையைவிடத் தீமையே விளையக்கூடும். ஏனைய காய்ச்சல்களில் உடற்சூடு தணிந்தால் நோயும் தணிந்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். டிங்கியில் அப்படியன்று. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விடும். விட்டபின் வரும் ஓரிரு நாள்களே ஆபத்து மிக்கவை. அப்பொழுதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியலாம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் மிகக் குறையலாம். "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே!" என்று உறவினரெல்லாம் விருந்துக் கூடையோடு புறப்படும் நாளும் பெரும்பாலும் அந்த நாளாகவே அமைந்துவிடுகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆகவே, நோயாளிக்கு முதலில் வேண்டுவது நீர். அதுவும் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உடல் இழக்கும் உப்பையும் அது ஈடு செய்தல் வேண்டும். பார்லி நீர், உப்பிட்ட கஞ்சி, பழச்சாறு, இளநீர் ஆகியவை நல்லவை. சிறுநீரகக் கோளாறு உடைய பெரியவர்களுக்கு மட்டும் இளநீர் ஏற்காது. மருந்துக் கடையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி சிறு உறைகளில் கிடைக்கிறது. விலையோ சொற்பம். பளபளக்கும் காகிதம் சுற்றிய பழக்கூடையைவிட இவ்வுறைகள் பத்து அனுப்புவதே மேல் என்பது நம் கருத்து. உறையின்மேல் எவ்வளவு நீர் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவு நீரில்தான் கரைக்க வேண்டும். பொடி கிடைக்காவிடில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கரண்டியைக் குவிக்காமல் சமமட்டமாக அளக்க வேண்டும். இந்த எளிய கரைசலை எள்ளி நகையாட வேண்டா. 1971இல் வங்காள தேச அகதிகளின் முகாமில் வாந்திபேதி பரவியபொழுது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்தே சாவைப் பெரிதும் குறைத்தார்.

அளவுக் கோடிட்ட ஒரு தண்ணீர்ப் புட்டியையும் ஒரு சிறு குறிப்பேட்டையும் சேர்த்து அனுப்பலாம். எவ்வளவு குடித்தான், எத்தனை முறை சிறுநீர் கழித்தான் என்று தாயார் அதில் குறித்து வைத்தால், மருத்துவர் கேட்கும்பொழுது தடுமாற வேண்டியதில்லை.

பானங்களில் ஒரு நுட்பம் உண்டு. நாம் விரும்பிக் குடிக்கும் மைலோ, ரிபீனா, சிவப்புச் சிராப் முதலியவற்றை அந்நாள்களில் அனுப்பாதிருத்தல் நன்று. அவை கெட்டவை என்பதனாலன்று. அவற்றைக் குடித்த பிள்ளை வாந்தியெடுத்தால், அதில் தெரியும் நிறம் இரத்தமா பானமா என்று பிரித்தறிவது கடினம். வெள்ளையோ இளமஞ்சளோ ஆன பானமாயின் அந்தக் குழப்பம் எழாது.

மாத்திரை எதனையும் நாமாக அனுப்புதல் ஆகாது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் டிங்கி நோயாளிக்கு இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும். பப்பாளி இலைச் சாறு பற்றியும் பலர் கேட்பர். அது தட்டணுக்களைக் கூட்டக்கூடும் என்று மலேசிய ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஆயினும் அது மருத்துவமனைக்கோ நாள்தோறும் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கோ மாற்றாகாது. கசப்பு மிகுந்த அச்சாற்றை வற்புறுத்திக் குடிக்க வைத்து, பிள்ளை குடித்த நீரையெல்லாம் வாந்தியெடுத்தால் இலாபம் யாருக்கு?

மலர்ச்செண்டு அனுப்புவது நாகரிகம் என்பர். டிங்கி வந்த வீட்டுக்கு அது ஏற்ற பரிசன்று. செண்டு வந்தால் பூச்சாடி வரும். சாடியில் தெளிந்த நீர் நிற்கும். ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் இடமும் அதுவே. நீரை மாற்றினாலும், சாடியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவாவிடில் முட்டை ஒட்டியே இருக்கும். அதற்குப் பதில் ஒரு கொசுவலை அனுப்பலாமே! "நோய்தான் வந்துவிட்டதே, இனி வலை எதற்கு?" என்று சிலர் வினவுவர். டிங்கி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மூச்சாலோ தொடுதலாலோ பரவாது. காய்ச்சலில் கிடப்பவரைக் கடித்த கொசு, ஏறத்தாழப் பத்து நாள் கழித்து வேறொருவரைக் கடிக்கும்பொழுதுதான் நோயைக் கொடுக்கிறது. ஆகவே, நோயாளியின்மேல் விரித்த வலை அவன் தங்கையையும் பாட்டியையும் பக்கத்து வீட்டாரையும் காக்கிறது. ஏடிஸ் பகலில் கடிப்பது. காலையிலும் மாலையிலும் அதன் தொல்லை மிகுதி. எனவே, பகலில் உறங்கும்பொழுதும் வலை வேண்டும். டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் இருப்பதால் தேறியவருக்கும் அது தேவையே. மறுமுறை வேறு வகை தொற்றினால் நோய் முன்னதைவிடக் கடுமையாகலாம்.

பிள்ளையருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாயை நாம் மறந்துவிடுகிறோம். அவர் பசியை யாரும் கேட்பதில்லை. நம் வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டியில் ரசமும் சோறும், சுடுநீர்க் குடுவையில் தேநீரும் அனுப்பினால் அது நோயாளிக்கே செய்த உதவியாகும். அனுப்புமுன், "அம்மா என்ன சாப்பிடுவார்கள்?" என்று கேட்டறிவது நலம். கோழிச் சாறு புட்டிகளை மரக்கறி உணவினர் வீட்டுக்கு அனுப்பி வைப்போரும் உளர்.

கதைப் புத்தகம் நல்ல பரிசுதான். ஆனால் முதல் வாரத்தில் வேண்டா. டிங்கியில் கண்களுக்குப் பின்னே கடும் வலி இருக்கும். அந்நாள்களில் நாம் ஒவ்வொருவரும் இரண்டிரண்டு வரி பேசி, அதனை ஆசிரியரின் கைப்பேசியில் பதிந்து தாயாருக்கு அனுப்பலாம். கண்ணை மூடிக்கொண்டே கேட்கலாம் அல்லவா? யார் பந்தாட்டத்தில் விழுந்தான், சிற்றுண்டிச் சாலையில் அன்று என்ன பலகாரம் என்பன போன்ற செய்திகளே அவனுக்குப் போதும்.

காய்ச்சல் தீர்ந்தும் சோர்வு சில வாரங்கள் நீடிப்பதுண்டு. அதுவரையில் விட்டுப்போன பாடங்களை நாளுக்கொருவராக ஒரே ஏட்டில் எழுதி வரலாம். கையெழுத்து நன்றாயிருப்பவர் கணிதத்தை எழுதட்டும். படம் வரைய வல்லவர் அறிவியலை எடுத்துக்கொள்ளட்டும். அவ்வேட்டை அவன் மேசைக்குள் வைத்துவிடுவோம். வீட்டுக்கு அனுப்ப வேண்டா.