மெல்பர்னில் இருக்கும் சாவி

கேள்வி: கிள்ளானில் எங்கள் தமிழ்ச் சபைக்குப் பத்து வருடத்துக்கு முன் ஒரு தம்பி இணையத்தளம் செய்து கொடுத்தார். இப்போது அவர் மெல்பர்னில் இருக்கிறார். தளத்தில் இன்னும் 2019 கிறிஸ்துமஸ் அறிவிப்புதான். இளைஞர்கள் ஃபேஸ்புக்கே போதும் என்கிறார்கள். பழைய செய்திமடல்களை ஏற்றலாம் என்றால் எழுத்தெல்லாம் உடைந்து வருகிறது. புதிதாகவே தொடங்கிவிடலாமா?
– சபைச் செயலாளர் ஒருவர், கிள்ளான்

பதில்: ஐயா, புதிது அப்புறம் பார்க்கலாம். அந்தத் தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? அநேகமாகத் தம்பியின் பெயரில், அவருடைய பழைய மின்னஞ்சலில் இருக்கும். முதலில் அதைச் சபையின் பெயருக்கு மாற்றுங்கள். சபை அலுவலகத்துக்கென்றே ஒரு மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை இருவரிடம் கொடுங்கள். ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பொருளாளர் மின்சாரக் கட்டணத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.

ஃபேஸ்புக் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வீட்டிலிருந்தே ஆராதனை பார்க்க அதுவும் யூடியூபும்தானே கைகொடுத்தன? ஆனால் அங்கே போட்ட அறிவிப்பு நாலு நாளில் அடியில் போய்விடும். பெரிய வெள்ளியை நினைத்துப் பாருங்கள். சபா, சரவாக்கில் இருப்பதுபோலத் தீபகற்பத்தில் அன்று பொது விடுமுறை கிடையாது. வேலை முடிந்து நெரிசலில் வண்டியோட்டி வருகிறவர், ‘தமிழ் ஆராதனை ஏழரையா, எட்டா?’ என்று சிக்னலில் நிற்கும்போது கைப்பேசியைத் தட்டுவார். அவருக்கு முதல் திரையிலேயே நேரம், மொழி, தொலைபேசி எண், வண்டி நிறுத்தும் இடம் தெரிய வேண்டும். போதகரின் வரவேற்புரை கீழே இருக்கட்டும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நேரத்தை எழுத்தாகவே போடுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த பூப்போட்ட போஸ்டரை அப்படியே ஒட்டிவிட்டால் பார்வையற்றவருக்கு அது வெறும் மௌனம். அவருடைய கைப்பேசி எழுத்தைத்தான் வாசித்துச் சொல்லும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பல நேரம் விட்டுவிடும். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. அங்கே வெள்ளைக் கோலுடன் சாலை கடப்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். நம் தளங்களைச் செய்யும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

உடைந்த எழுத்துக்கும் காரணம் இதைப் போன்றதுதான்: கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கருவி படிப்பது வேறு. உங்கள் செய்திமடல்கள் பாமினி எழுத்துருவில் தட்டியவையாக இருக்கும். அதில் ‘அம்மா’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத இடத்தில் அந்த ஆங்கில எழுத்துகள் அப்படியே பல்லை இளிக்கும். தேடினாலும் கிடைக்காது, வாசித்துக் காட்டும் செயலியும் உளறும். யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும்; வசன எண்களும் நிறுத்தற்குறிகளும் தடம் மாறியிருக்கலாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. இத்தனைக்கும் பிறகு நாம் பாமினியை விட மனமில்லாமல் இருப்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

எதில் கட்டுவது? பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வேர்ட்பிரஸ். இல்லையென்றால் கூகுள் சைட்ஸ் மாதிரி எளிமையானது போதும். வேர்ட்பிரஸில் புதுப்பிக்காமல் விட்ட ஒரு பிளகின் (இணைப்பு நிரல்) வழியாக ஆராதனைப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் குடியேறியதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அந்தச் சபையில் ஒரு மாதம் வரை யாரும் கவனிக்கவில்லை. வாரம் ஒருமுறை, அறிவிப்புத்தாள் அச்சுக்குப் போகும் அதே நாளில், அதே ஆள் தளத்தையும் மாற்றட்டும். ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் படம் போடுமுன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உறுப்பினர் தொலைபேசிப் பட்டியல் தளத்தில் வேண்டவே வேண்டாம்.

மெல்பர்ன் தம்பிக்கு இன்றே ஒரு வாட்ஸ்ஆப் அனுப்புங்கள். அழைப்பதாக இருந்தால் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே நம்மைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ஓடும்.