பூண்டின் வாசனையும் பக்கத்தில் நிற்பவரின் ஹக்கும்



ரமலான் நெருங்கி வருகிறது. நோன்புக் கஞ்சிக்கான அரிசி, பருப்பு, பூண்டுக் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டோம். காந்தி மார்க்கெட்டில் பூண்டு விலை விசாரித்துவிட்டுத் திரும்பிய அன்று, போன ரமலானில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. இம்மாதப் பாடத்தை அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஃபஜ்ர் ஜமாஅத்துக்கு ஓர் இளைஞர் வந்து ஸஃப்பில் நின்றார். சளி பிடித்திருந்த மகனுக்காக அவருடைய தாய் ஸஹருக்குப் பச்சைப் பூண்டுத் துவையல் அரைத்துக் கொடுத்திருந்தார். பக்கத்தில் நின்ற பெரியவர் முகத்தைச் சுளித்து, "பூண்டு தின்னுட்டுப் பள்ளிக்கு வரக்கூடாதுன்னு ஹதீஸ் இருக்கே, தெரியாதா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தபடி வெளியேறினார். அதன்பின் பல நாள் பள்ளிப் பக்கம் வரவில்லை. நாம் வீட்டுக்குப் போனபோது, "நான் அரைச்ச துவையலாலதானே பிள்ளை தொழுகைக்குப் போகாம இருக்கான்" என்று அந்தத் தாய் கண் கலங்கினார். அன்று ஸஃப்பில் நின்ற நாமும் வாய் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெரியவர் சொன்ன ஹதீஸ் ஸஹீஹானதுதான். ஆனால் அதைச் சொன்ன விதம் சரிதானா?

மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். பூண்டு ஹலால். அதில் கருத்து வேறுபாடே இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 61-ஆம் வசனத்தில் வரும் 'ஃபூம்' என்ற சொல்லுக்கே பூண்டு என்று சில விரிவுரையாளர்களும், கோதுமை என்று வேறு சிலரும் பொருள் சொல்லியிருக்கிறார்கள்.

மதீனாவில் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள் அனுப்பிய உணவில் பூண்டு இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதைச் சாப்பிடவில்லை. பதறிப்போன அபூ அய்யூப் (ரலி), அது ஹராமா என்று கேட்டார்கள். இல்லை, அதன் வாசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னதை முஸ்லிம் நூலில் காண்கிறோம்.

பூண்டு, வெங்காயம் சாப்பிட்டவர் பள்ளியை நெருங்க வேண்டாம் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மனிதர்களுக்குத் தொல்லை தருபவை மலக்குகளுக்கும் தொல்லை தருகின்றன என்பதே காரணமாகச் சொல்லப்பட்டுள்ளது. ஆக, தடுக்கப்பட்டது பண்டம் அல்ல; பக்கத்தில் நிற்பவரை வருத்துவது. அதனால்தான் பீடி, சிகரெட் நாற்றத்தோடும் வியர்வை ஊறிய துணியோடும் வருவதை ஆலிம்கள் இதனுடன் ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்.

இனி முக்கியமான சம்பவத்துக்கு வருவோம். முஃகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் பூண்டு சாப்பிட்டுவிட்டுத் தொழுகைக்கு வந்தார்கள். நபியவர்கள் வாசனையை உணர்ந்தார்கள். தொழுகை முடியும்வரை எதுவும் சொல்லவில்லை. முடிந்தபின், யாரையும் குறிப்பிடாமல், வாசனை போகும்வரை நம்மை நெருங்க வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னார்கள். முஃகீரா (ரலி) அருகில் போய், நபியவர்களின் கையைப் பிடித்துத் தம் சட்டைக் கைக்குள் நுழைத்து நெஞ்சில் வைத்தார்கள். நெஞ்சு கட்டுப் போடப்பட்டிருந்தது. உமக்குக் காரணம் இருக்கிறது என்று நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இது அபூதாவூதில் வருகிறது.

பொதுவாகச் சொன்னார்கள், பிறகு காரணத்தைக் கேட்டார்கள், ஏற்றார்கள். நம் ஸஃப்பில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. பிறரை வருத்தாதே என்று சொல்லும் ஹதீஸைக் கொண்டே ஒரு பிள்ளையை வருத்திவிட்டோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. "நோன்பாளியின் வாய் வாடை கஸ்தூரியைவிட மேலானது" என்று சொல்லி, பூண்டு வாசனையோடு வருவதை நியாயப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஹதீஸ் பசித்த வயிற்றால் வரும் வாடையைப் பற்றியது. துவையலைப் பற்றியது அல்ல.

வாசனை எங்கிருந்து வருகிறது?

முழுப் பூண்டுப் பல்லில் வாசனை அதிகம் இல்லை. நசுக்கும்போது அல்லினேஸ் என்ற நொதி, அல்லின் என்ற பொருளோடு சேர்ந்து அல்லிசினை உண்டாக்குகிறது. 1944-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த இந்தப் பொருளே அந்தக் காரத்துக்கும் நெடிக்கும் காரணம். இதிலிருந்து உண்டாகும் கந்தகச் சேர்மம் ஒன்று இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகிறது. எனவே மிஸ்வாக் செய்தாலும், பேஸ்ட் போட்டாலும் முழுதாகப் போகாது. பால், ஆப்பிள், புதினா ஆகியவை ஓரளவு குறைக்கும்.

சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். உமர் (ரலி) அவர்கள் தம் குத்பாவில், இவற்றைச் சாப்பிட்டே ஆக வேண்டியவர் சமைத்து வாசனையைச் சாகடித்துவிடட்டும் என்ற கருத்தில் சொன்னது இங்கே எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

நம் கஞ்சிச் சட்டியில் நடப்பதும் அதுதான். வீட்டளவில் ஒரு டம்ளர் பச்சரிசிக் குருணைக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், 15 பல் பூண்டு, 8 டம்ளர் தண்ணீர் போதும். பூண்டை நசுக்காமல் முழுதாகப் போட்டு, குழையும்வரை வேகவிடுங்கள். நெடி போய் இனிப்பு வந்துவிடும். தேங்காய்ப் பால், மல்லி, புதினா கடைசியில்.

வாங்குவதும் வளர்ப்பதும்

பூண்டு கிழங்கு வைக்கக் குளிர் வேண்டும். அதனால்தான் நம் மாநிலத்தில் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியகுளம் அருகே வடுகபட்டி இதற்குப் பேர்பெற்ற சந்தை. வாங்கும்போது பல் கெட்டியாக, தோல் காய்ந்து, முளைவிடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றோட்டமான நிழலில் வையுங்கள்.

திருச்சி வெயிலில் கிழங்கு சரியாகத் திரளாது. ஆனால் கார்த்திகை, மார்கழியில் மொட்டைமாடித் தொட்டியில், கூர்முனை மேலே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் பல்லை ஊன்றினால் பச்சைத் தாள் வரும். நறுக்கி முட்டையில் போடலாம். பிள்ளைகளை ஊன்றச் சொல்லுங்கள்.

மருந்தாக எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பூண்டு இரத்த அழுத்தத்தைச் சிறிது குறைக்கலாம், மாத்திரைக்கு மாற்று அல்ல. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பச்சைப் பூண்டு விழுதைக் குழந்தையின் தோலில் வைத்துக் கட்டாதீர்கள்; புண்ணாகிவிடும்.

அண்டை வீட்டார்

குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே பல வைணவ வீடுகளில் பூண்டும் வெங்காயமும் சேர்ப்பதில்லை. அங்கே குடியிருக்கும், கடை வைத்திருக்கும் நம்மவர்கள் அன்போடு கொடுத்தாலும் அவர்கள் கஞ்சியைச் சாப்பிட முடியாது. பேரீச்சம்பழமும் பழங்களும் கொடுங்கள். தாளிக்கும்போது அவர்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். ஸஃப்பில் நிற்பவருக்கு உள்ள ஹக், சுவருக்கு அப்பால் இருப்பவருக்கும் உண்டு.

இந்த ரமலானில் நாம் வேண்டுவது

1. ஸஹரில் பச்சைப் பூண்டைத் தவிர்த்து, வேகவைத்ததைச் சாப்பிடுவோம்.

2. மருந்துக்காகப் பச்சையாகச் சாப்பிட வேண்டியிருந்தால், ஜமாஅத் நேரத்துக்கு வெகுமுன்போ, இஷா, தராவீஹுக்குப் பிறகோ சாப்பிடுவோம்.

3. ஸஃப்பில் யாரிடமாவது வாசனை வந்தால், அங்கே எதுவும் சொல்ல வேண்டாம். இமாமிடம் சொன்னால் அவர் பொதுவாக அறிவிப்பார். பிள்ளைகளிடம் தனியாக, தோளில் கைபோட்டுச் சொல்வோம்.

அந்த இளைஞரிடம் பெரியவரே வீடு தேடிப் போய் வருத்தம் தெரிவித்தார். பெருநாள் தொழுகையில் இருவரும் ஒரே ஸஃப்பில் நின்றதைக் கண்டோம், அல்ஹம்துலில்லாஹ். வரும் ரமலானில் கஞ்சிக்குப் பூண்டு உரிக்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கியிருக்கிறார்.

நம் நாவாலும் கையாலும் மூச்சாலும் பிறர் வருந்தாதபடி வாழ அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.