பின்னை முதலில் பாருங்கள்

புதிதாகக் குரல் பதிவு செய்ய வரும் தம்பி தங்கைகளுக்கு,

லேப்டாப்பில் மைக் வேலை செய்யவில்லை என்று ஒரு பெண் என்னிடம் வந்தாள். அதற்குள் இரவெல்லாம் விழித்து விண்டோஸையே அழித்து மறுபடி ஏற்றியிருந்தாள். மைக்கும் லேப்டாப்பும் நன்றாகவே இருந்தன, மைக்கின் பின்தான் லேப்டாப்பின் ஜாக்குக்குப் பொருந்தவில்லை. அப்படி ஓர் இரவு உங்களுக்கும் வீணாகக் கூடாது.

1. பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது லேப்டாப்பில் உள்ள, ஹெட்போனும் மைக்கும் சேர்ந்த ஜாக்குக்கு உரியது. இரண்டே இருந்தால், பழைய கம்ப்யூட்டரின் இளஞ்சிவப்பு மைக் துளைக்கோ கேமராவுக்கோ செய்தது.

2. காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்த ஜாக்குக்கான பின்னில் நுனியும் அடுத்த உலோகப் பகுதியும் இடது, வலது காதுக்கு, மூன்றாவது கிரவுண்ட், அடிப்பகுதி மைக்குக்கு. இரண்டு வளையப் பின்னில் மைக் நுனியில் இருக்கிறது. அதன் நீளமான அடிப்பகுதி, ஜாக்கின் கிரவுண்டையும் மைக் தொடர்பையும் ஒன்றாக இணைத்துவிடும். வெறும் ஹெட்போன் என்று நினைத்து, லேப்டாப் தன் உள் மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருக்கும்.

3. இதற்கு மருந்து ஸ்ப்ளிட்டர். கேட்டு வாங்குங்கள்: இரண்டு ஹெட்போன் மாட்டுகிற ஸ்ப்ளிட்டர் உதவாது. லேப்டாப் பக்கப் பின்னில் மூன்று வளையமும், மறுபக்கம் மைக் படமும் ஹெட்போன் படமும் போட்ட இரண்டு துளைகளும் இருக்க வேண்டும்.

4. காலர் மைக்கில் போன், கேமரா என்று ஸ்விட்ச் இருந்தால் போன் பக்கம் தள்ளுங்கள். பின்னைக் கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். என்ன செருகினீர்கள் என்று திரையில் கேட்டால் 'ஹெட்செட்' என்று சொல்லுங்கள்.

5. சவுண்ட் செட்டிங்கில் இன்புட்டாக வெளி மைக்கைத் தேர்ந்தெடுங்கள். பிரைவசி பகுதியில் மைக்குக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு மைக்கை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். அடுத்து லேப்டாப்பைச் சுரண்டுங்கள். எதைச் சுரண்டும்போது சவுண்ட் செட்டிங்கில் உள்ள ஒலி அளவுக்கோடு துள்ளுகிறதோ, அந்த மைக்தான் கேட்கிறது.

6. குரல் சன்னமாக இருந்தால் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவாருங்கள். மைக் ஒலியைக் கூட்டும் பூஸ்ட்டை அதன் பிறகே தொடுங்கள். பூஸ்ட் ஏற ஏற இரைச்சலும் ஏறும். 'ம்ம்' என்ற ரீங்காரம் வந்தால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

7. மேடை மைக்கையோ ஸ்டூடியோ மைக்கையோ இந்த ஜாக்கில் மாட்டாதீர்கள். ஸ்டூடியோ கண்டென்சர் மைக்குகள் பெரும்பாலும் 48 வோல்ட் கேட்கும். ஜாக் தருவது சில வோல்ட்தான். இரண்டு வகைக்கும் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். உங்கள் ஜாக்கே பழுதானாலும், சின்ன யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு கைகொடுக்கும்.

8. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, உடனே பத்து விநாடி பதிவு செய்து கேளுங்கள். பலவற்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. தெரிந்துகொண்டவர்தான் அடுத்தவருக்கும் சரிசெய்து கொடுக்க முடியும்.