விடுதிக் காப்பாளர் பொறுப்பேற்கும்போது

நாகர்கோவில் வடசேரிப் பகுதிக் கல்லூரி விடுதியில் காப்பாளராகச் சேர்பவர், மாணவர் வந்து இறங்குவதற்கு முன்பே பொறுப்பேற்பை முடித்துவிட வேண்டும். பெட்டி படுக்கையோடு பெற்றோர் வாசலில் நிற்கும் நாளில் இருப்புப் பதிவேட்டைப் புரட்ட நேரம் இருக்காது.

முதல் வேலை எண்ணிப் பார்ப்பது. முந்தைய காப்பாளரை உடன் வைத்துக்கொண்டே கட்டில், மின்விசிறி, அண்டா, எரிவாயு உருளை என ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும். பதிவேட்டில் 40 மின்விசிறி என்றிருந்து 37 மட்டும் ஓடினால், ஒப்படைப்புப் பட்டியலில் அதை அப்படியே எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட குறை, தணிக்கையின்போது புதியவர் தலையில்தான் விழும். அரிசி மூட்டையை எண்ணினால் போதாது, எடை போட வேண்டும். பாதி தீர்ந்த மூட்டை வாய் மடித்துப் பின்வரிசையில் நின்றால், கணக்கில் முழு மூட்டையாகவே ஏறும். சாவிக்கொத்தை வாங்கும்போது ஒவ்வொரு சாவியையும் அதன் பூட்டில் போட்டுத் திறந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது ஆவணங்கள். மகளிர் விடுதி என்றால், 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் பெறப்பட்டிருக்கிறதா, காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவற்றின் நகல்கள் அலுவலக அறையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அறை ஒதுக்கீட்டில் அவசரம் கூடாது; ராகிங்கைத் தடுப்பது அங்கேதான் தொடங்குகிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் கொலையானதை அடுத்து, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் முதலாமாண்டு மாணவரை இயன்றவரை தனிப்பகுதியில் தங்கவைக்கச் சொல்கின்றன. காப்பாளர் எந்நேரமும் தொலைபேசியில் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. 1800-180-5522 என்ற புகார் எண்ணை அறிவிப்புப் பலகையில் மட்டுமன்றி, மாணவர் தனியே நின்று படிக்கக்கூடிய இடத்திலும் ஒட்டுவது பயன் தரும். மூத்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

விடுதியில் சண்டை பெரும்பாலும் மெஸ் பில்லில்தான் தொடங்கும். பங்கீட்டு முறையில் மாதச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாள்களால் வகுக்க வேண்டும். 100 பேர் 30 நாள் சாப்பிட்டால் 3,000 நாள். செலவு 1,80,000 ரூபாய் என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய். சமைத்து முடித்தபின் விடுப்பு கேட்பவர்களுக்கு 200 நாளைக் கழித்துக்கொடுத்தால் வகுக்கும் எண் 2,800 ஆகிவிடும். பங்கு 64 ரூபாயைத் தாண்டும். ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருந்தவர்தான் அந்தக் கூடுதலைக் கட்டுவார். ஆகவே விடுப்பை முந்தைய நாள் மாலைக்குள் பதிவேட்டில் எழுதாதவருக்குக் கழிவு இல்லை என்ற விதியை முதல் வாரத்திலேயே, மெஸ் பிரதிநிதியின் ஒப்புதலோடு, அறிவித்துவிட வேண்டும். காய்கறி வாங்கப் பக்கத்திலேயே வடசேரி கனகமூலம் சந்தை இருக்கிறது. அங்கே துண்டுச்சீட்டில் எழுதித் தரும் கணக்கை அன்றைக்கன்றே வவுச்சராக மாற்றி, வாங்கி வந்தவரிடமும் மெஸ் பிரதிநிதியிடமும் கையெழுத்து வாங்குவது வழக்கமாக வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை ஆகிய நாள்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கேற்ப முன்கூட்டியே அரிசி அளவைக் குறைக்காவிட்டால் சோறு வீணாகும்.

இரவு வருகைப்பதிவை ஒரே இடத்தில் கையெழுத்து வாங்கி முடிப்பதைவிட, அறை அறையாகச் சென்று எடுப்பது மேல். முகம் வாடியிருப்பவர் அப்போதுதான் கண்ணில் படுவார். வெளியூர்ப் பேருந்துகள் வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்துக்கு இரவிலும் வந்துகொண்டிருக்கும். தாமதமாகத் திரும்புபவர் பேருந்தில் இருந்தே தொலைபேசியில் சொல்லவேண்டும் என்பதும், அவர் வந்து சேர்ந்த நேரத்தைக் காவலர் குறித்துவைப்பதும் விதியாக இருந்தால் வாசலில் வாக்குவாதம் இராது.

நோய் என்றால் பதற்றத்தில் விவரங்களைத் தேடிக்கொண்டிருக்கக்கூடாது. ஒவ்வொரு மாணவரின் பெற்றோர் எண், உள்ளூர்ப் பாதுகாவலர் எண், ஒவ்வாமை, வழக்கமாக உண்ணும் மருந்து ஆகியவை ஒரே அட்டையில் இருக்க வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 வண்டியில் அனுப்பும்போது அந்த அட்டையின் நகலையும், பொறுப்பான ஒருவரையும் உடன் அனுப்ப வேண்டும். பெற்றோரிடம் காப்பாளரே பேசித் தகவல் சொல்ல வேண்டும்.